எழுநூறு மீற்றர் தூரம்

அன்று காலை காரின் முன்கண்ணாடி முழுவதும் உறைபனி பிடித்திருந்தது. என் மகள் ஆரணி பின் இருக்கையில் ஏறிப் பாதுகாப்புப் பட்டியைப் போட்டுக்கொண்டு, "அப்பா, பிந்தப் போகுது" என்றாள். அப்போது அவளுக்கு எட்டு வயது.

கதவுப் பையிலிருந்த சுரண்டியை எடுத்து, என் முகத்துக்கு நேரே ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குச் சுரண்டினேன். அதற்குள் விரல்கள் விறைத்துவிட்டன. மிச்சத்தை உள்ளிருந்து வரும் சூட்டுக்காற்று உருக்கிவிடும் என்று நினைத்து ஏறிக்கொண்டேன்.

வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு எழுநூறு மீற்றர்தான். சூட்டுக்காற்று உருக்கத் தொடங்குமுன் போய்ச் சேர்ந்துவிடுகிற தூரம்.

தை மாதம். எட்டு மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. விடியவில்லை. பள்ளிக்கூட வாசலில் வழமைபோலக் கார்கள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. நிற்கக்கூடாது என்று எழுதிய பலகைக்குக் கீழேதான் எல்லோரும் நிறுத்துவோம். அன்று அங்கேயும் இடமில்லை. நடைபாதையில் பாதியை ஏற்றி நிறுத்தலாம் என்று வலப்பக்கம் திருப்பினேன்.

சத்தம் பெரிதாக இல்லை. ஈரமூட்டை ஒன்று கதவில் மோதியது போலத்தான் இருந்தது. ஆரணிதான் சொன்னாள்.

"அப்பா, ஆரோ விழுந்திட்டினம்."

இறங்கி ஓடினேன். முன்சில்லுக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி கிடந்தாள். மஞ்சள் மேலங்கி போட்டிருந்தாள். இருட்டில் நடந்து வருகிற பிள்ளைகளைக் காரோட்டிகள் காண வேண்டும் என்று பள்ளிக்கூடம் கொடுத்த, வெளிச்சம் பட்டால் மின்னுகிற மேலங்கி. அந்தத் தெருவில் அவளைவிடத் தெளிவாகத் தெரியக்கூடிய எதுவும் அப்போது இருக்கவில்லை. நான் அவளைக் காணவில்லை.

அம்புலன்ஸ் அவளைக் கொண்டுபோன பிறகு, பொலிஸில் வந்த ஒரு பெண் என்னிடம் எதுவும் கேட்காமல் நேரே என் காரின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். குனிந்து, நான் சுரண்டிய வட்டத்துக்குள்ளால் வெளியே பார்த்தார். பிறகு இறங்கி வந்து, "இதற்குள்ளால் பார்த்தா ஓட்டினீர்கள்?" என்று ஜெர்மனில் கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"ஓம்" என்று தமிழில் சொன்னேன். சொன்னது தமிழ் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு அது விளங்கியிருந்தது.

இந்தத் தொடரைத் தொடங்கிய நாளிலிருந்து இந்த அத்தியாயத்தைத் தள்ளிக்கொண்டே வந்தேன். நான் பட்டதை எழுதுவது எனக்குப் பழகிவிட்டது. என்னால் இன்னொருவர் பட்டதை எழுதுவது வேறு. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். அவர்களுடைய பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

குளிர் தெரிந்தவன்

பள்ளிக்கூடம் ஒவ்வொரு வருடமும் இலையுதிர்காலத்தில் ஒரு கடிதம் அனுப்பும். பிள்ளைகளை நடந்து வரப் பழக்குங்கள், குளிர்காலத்திலும் நடக்க விடுங்கள், வாசலுக்குக் கார் கொண்டுவராதீர்கள், கொண்டுவரத்தான் வேண்டுமென்றால் இரண்டு தெரு தள்ளி இறக்கி விடுங்கள் என்று அதில் இருக்கும். கீழே பெற்றோரின் கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்த வருடமும் நான் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். இந்த நாட்டுக்காரருக்குக் குளிர் என்றால் விளையாட்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எனக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை. ஜெர்மனிக்கு வந்த முதல் குளிர்காலம் ஹாலே நகரத்துக்கு வெளியே ஓர் அகதி முகாமில் கழிந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. ஜெர்மன் வகுப்பு நகரத்துக்குள்ளே நடந்தது. துணிச் சப்பாத்தோடு வயல்வெளி ஓரமாக ஒரு மணி நேரம் நடந்து போவேன். ஒருநாள் வகுப்பில் சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தபோது வலது காலின் இரண்டு விரல்கள் மெழுகு போல வெளிறிக் கிடந்தன. அவற்றின் நுனியில் இன்றைக்கும் உணர்ச்சி இல்லை.

அந்த வயல்வெளியில்தான் ஒரு முடிவு எடுத்தேன். எனக்கென்று ஒரு பிள்ளை பிறந்தால் அது குளிரில் நடக்கக் கூடாது. பிறகு கொலோனுக்கு வந்து, மருந்துக் களஞ்சியம் ஒன்றில் வேலை எடுத்து, கலியாணம் முடித்து, ஆரணி பிறந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது அந்த முடிவு அப்படியே என்னோடு இருந்தது. சூடான காரில் அவளை வாசல்வரை கொண்டுபோய் இறக்கிவிடுவதுதான் ஒரு தகப்பன் செய்யக்கூடிய நல்ல காரியம் என்று நம்பினேன்.

என் மனைவி சுமதிக்கு அது பிடிக்கவில்லை.

"உந்தத் தூரத்துக்குக் கார் எடுக்க வேணுமே? பிள்ளைக்கு நல்ல சப்பாத்து, நல்ல ஜக்கெற் எல்லாம் இருக்குத்தானே."

"உமக்கு அந்தக் குளிர் தெரியாது" என்றேன்.

சுமதி முதியோர் இல்லத்தில் காலை வேலை செய்கிறாள். ஐந்தரை மணிக்கே நடந்து போய் ட்ராம் எடுக்கிறவள். அவளுக்கு நான் குளிர் தெரியாது என்று சொன்னேன்.

பின் இருக்கையிலிருந்து

சிறுமியின் பெயர் லேனா. இரண்டாம் வகுப்பு. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். தலையில் அடி இல்லை. அதைக் கேட்டதும் ஆஸ்பத்திரி வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

விசாரணை நடந்தது. கடிதங்கள் வந்தன. குற்றத்தை ஒத்துக்கொண்டேன். சில மாதம் கார் ஓட்டத் தடை விதித்தார்கள். அதெல்லாம் காகிதத்தில் முடிந்துபோகிற விஷயங்கள். முடியாதது வீட்டுக்குள்ளே இருந்தது. ஆரணி பின் இருக்கையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவள்.

இரண்டு நாள் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அப்பா, நீங்கள் அவளைக் காணேல்லையோ?"

"காணேல்லை, பிள்ளை."

"அவள் மஞ்சள் போட்டிருந்தவளெல்லே."

"கண்ணாடியிலை ஐஸ் இருந்தது."

"நீங்கள் முழுக்கச் சுரண்டியிருக்கலாம்தானே."

"ஓம்" என்றேன். "சுரண்டியிருக்கலாம்."

அவள் தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தாள். அந்தத் தலையாட்டலுக்கு முன்னால் நான் நின்றது போல எந்த நீதிபதிக்கு முன்னாலும் நின்றிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை அவளே சப்பாத்தைக் கட்டிக்கொண்டு கதவடியில் நின்றாள். "நடந்து போவம்."

முதல் நாள் அவளைப் பொதி போலச் சுற்றிக்கட்டிக் கூட்டிக்கொண்டு போனேன். பாதி வழியில் வியர்த்துவிட்டது. கழுத்துத் துணியைக் கழற்றி என் கையில் தந்தாள். வழுக்காமல் இருக்க நடைபாதையில் பொடிக்கல் தூவியிருந்தார்கள். எங்கள் இருவரின் காலடியிலும் அது ஒரே மாதிரி நொறுங்கிக்கொண்டு வந்தது. பேக்கரியைத் தாண்டும்போது வெதுப்பிய பாணின் மணம். ஒவ்வொரு நாளும் இரண்டு வருடமாக அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். கண்ணாடி ஏற்றியிருந்ததால் அது தெரியவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளுடைய காலுறைகளைக் கழற்றிக் கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். எல்லாம் சிவந்து, சூடாக இருக்கும். இரண்டு கிழமைக்குப் பிறகு சொல்லிவிட்டாள்.

"அப்பா, இனிக் காலைப் பாக்காதேங்கோ. எனக்கு ஒண்டுமில்லை."

"இன்றைக்கு வேண்டாம்"

லேனாவின் தாயைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றபோது நண்பர்கள் தடுத்தார்கள். லோயரைக் கேட்காமல் போகக் கூடாது, போனால் இன்னும் பிரச்சினை வரும் என்றார்கள். சுமதி மட்டும்தான், "நீங்கள் போங்கோ. கதவைத் திறக்கிறதும் விடுறதும் அவவின்ரை விருப்பம்" என்றாள்.

நான்காம் மாடி. கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் கத்ரின் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பேக்கரியில் வேலை, மகளோடு தனியாக இருக்கிறார். நான் யார் என்று சொன்னேன். என்னையும் கையிலிருந்த பூங்கொத்தையும் பார்த்தார்.

"இன்றைக்கு வேண்டாம்" என்று கதவை மெல்லச் சாத்தினார்.

அடுத்த கிழமையும் போனேன். அன்றும் அதே சொல். மூன்றாம் முறை ஆரணி தானும் வருகிறேன் என்று நின்றாள். கத்ரின் அவளைக் கண்டதும் கதவை அகலத் திறந்தார்.

லேனா சோபாவில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். ஆரணி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளைக் கேட்டுவிட்டு, மாவுக்கட்டில் மீன் ஒன்று வரைந்தாள். நானும் கத்ரினும் குசினி மேசையில் எதிரெதிரே இருந்தோம். நான் பாடமாக்கிக்கொண்டு போன ஜெர்மன் வசனங்களைச் சொல்லி முடித்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் ஏழு மணிக்கே வேலைக்குப் போக வேண்டும்" என்றார். "அதனால் அவளுக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு கோடைகாலம் முழுவதும் அவளுக்குப் பின்னால் நடந்தேன். ஒவ்வொரு சந்தியிலும் எப்படி நிற்பது, எங்கே பார்ப்பது என்று பழக்கினேன். குளிர் வந்தபோது பயப்பட்டாள். உன்னால் முடியும் என்று நான்தான் அனுப்பினேன். அவள் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தாள்."



ஞாயிற்றுக்கிழமை மணியடித்தது

கோடையில் லேனாவின் கால் தேறியது. ஆரணி அடிக்கடி அங்கே போய் விளையாடினாள். நான் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புவேன். கத்ரின் தலையசைப்பார், அவ்வளவுதான்.

ஐப்பசி வந்து காலைகள் இருட்டத் தொடங்கியபோது லேனா நடக்க மறுத்துவிட்டாள். கார்கள் வரிசையாக நிற்கிற இடம் வந்ததும் கால் நகராதாம். தாய் தூக்கவும் ஏலாது, விடவும் ஏலாது. அவளோடு நின்று நாளுக்கு நாள் வேலைக்குப் பிந்தியதால், பேக்கரியில் ஒருநாள் இனி இப்படி என்றால் சரிவராது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

ஒரு ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டு மணி அடித்தது. கத்ரின் நின்றார். உள்ளே வந்து, ஜக்கெற்றைக் கழற்றாமலே கதிரையில் உட்கார்ந்தார்.

"ஆரணியோடு என்றால் நடப்பேன் என்று லேனா சொல்கிறாள். ஆரணியோடு நீங்கள் நடக்கிறீர்கள்."

சுமதி என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"வேறு ஆரிட்டையாவது கேட்டு விடலாமே" என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். ஜெர்மனில்தான் சொன்னேன், ஆனால் தமிழில் தடுமாறுகிற மாதிரியே அது வந்தது. "என்னை நம்பியா அனுப்பப் போகிறீர்கள்?"

"நான் உங்களை மன்னிக்கவில்லை" என்றார். "அது வேறு. ஆனால் அந்தத் தெருவில் என்ன நடக்கலாம் என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. நீங்கள் பார்ப்பீர்கள்."

அடுத்த நாள் ஏழு நாற்பதுக்கு, அவர்கள் வீட்டுத் தெருமூலையில் லேனா நின்றாள். மஞ்சள் மேலங்கி புதிது.

கண்ணைப் பார்

முதல் நாள் அவள் சொன்னபடியே நின்றுவிட்டாள். கார்களின் பின்விளக்குகள் சிவப்பாகத் தெரியத் தொடங்கும் இடம். நான் கையைப் பிடித்து இழுக்கவில்லை. மூவரும் நின்றோம். பாடசாலை மணி அடித்து, கார்கள் எல்லாம் போய், தெரு வெறுமையான பிறகு நடந்து போனோம். ஆசிரியை ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டார். நான் வேலைக்குப் பிந்திப் போனேன்.

அடுத்த கிழமை அவளுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தேன். "காரைப் பார்க்காதே, காருக்குள் இருப்பவரின் கண்ணைப் பார். அவர் உன் கண்ணைப் பார்த்துத் தலையாட்டும்வரை காலை எடுத்து வைக்காதே." ஒவ்வொரு காரின் முன்னாலும் நான் முதலில் போய் நிற்பேன். ஓட்டுகிறவர் தலையாட்டுவார். பிறகு பிள்ளைகள் வருவார்கள். மார்கழி வருவதற்குள் லேனா தானே முன்னுக்கு வந்து, ஓட்டுநர்களை முறைத்துப் பார்த்துத் தலையாட்ட வைக்கப் பழகிவிட்டாள்.

நல்ல உறைபனி விழுந்த ஒரு காலையில், அந்த மூலையால் ஒரு கார் மெல்லத் திரும்பியது. முன்கண்ணாடியில் ஒரு சிறிய வட்டம். அதற்குள் இரண்டு கண்கள். பிள்ளைகளை மதிலோடு நிற்கச் சொல்லிவிட்டு நடுத்தெருவில் போய் நின்று கையை உயர்த்தினேன். கார் நின்றது. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கிக் கத்தினார். தனக்கு நேரமாகிறதாம். பின்னால் அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள்.

"இப்படித்தான் நானும் ஓட்டினேன்" என்று சொல்லி, மதிலோடு நின்ற லேனாவைக் காட்டினேன். "அந்தப் பிள்ளையின் கால் முறிந்தது."

அவர் லேனாவின் காலைப் பார்த்தார். பிறகு எஞ்சினை நிறுத்தி, இறங்கி, சுரண்டியை எடுத்தார். அவர் முழுக்கச் சுரண்டி முடிக்கும்வரை நாங்கள் நின்றோம்.

ஆசிரியை இதைக் கேள்விப்பட்டிருக்கிறார். பெற்றோர் கூட்டத்தில், குளிர்காலத்தில் பிள்ளைகள் சேர்ந்து நடந்து வருவதைப் பற்றிப் பேசும்போது, நீங்கள் ஏதாவது சொல்கிறீர்களா என்று என்னைக் கேட்டார். நாற்பது பேர் சிறு பிள்ளைகளின் கதிரைகளில் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். கத்ரின் கடைசி வரிசையில் இருந்தார்.

எழும்பிச் சொன்னேன். போன தை மாதம் வாசலில் நடந்ததைச் செய்தவன் நான்தான் என்றேன். கடிதத்தில் கையெழுத்து வைத்தவன், குளிரிலிருந்து என் பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று இன்னொருவரின் பிள்ளையை இடித்தவன் என்றேன். நாளையிலிருந்து நாங்கள் கூடுகிற தெருமூலையில் ஏழு நாற்பதுக்கு நிற்பேன், பிள்ளைகளை அனுப்பலாம் என்றேன். யாரும் கைதட்டவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

வெளியே வந்தபோது கஜன் என் பின்னால் ஓடிவந்தான். இங்கேயே வளர்ந்த பொடியன், அவனுடைய மகளும் அதே பள்ளிக்கூடம்.

"ஏன் அண்ணை உதை எல்லாருக்கும் முன்னாலை சொன்னனீங்கள்? எங்கடை ஆக்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

"நான் சொல்லாட்டில் அவை காரிலைதான் கொண்டு வருவினம், தம்பி" என்றேன்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். மறுநாள் மூன்று பிள்ளைகள் வந்தார்கள். கிழமை முடிவில் ஆறு. கஜன் தை மாதத்தில்தான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். "வாறன் அண்ணை" என்று மட்டும் சொல்லி, அவளை விட்டுவிட்டுப் போனான். அவளோடு ஒன்பது பேர்.

அவர் கேட்டது

அந்தக் குளிர்காலத்தின் கடைசியில் ஒருநாள் பனி கொட்டியது. கொலோனில் அப்படி விழுவது அபூர்வம். பிள்ளைகள் வாயைத் திறந்து பனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். லேனா தாயோடு வந்தாள்.

"எனக்கு இன்றைக்கு விடுமுறை. நானும் வருகிறேன்" என்றார் கத்ரின்.

பிள்ளைகளை முன்னால் விட்டு, நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம். லேனா ஒவ்வொரு காரிலும் நின்று, கண்ணைப் பார்த்து, தலையாட்டலை வாங்கிக்கொண்டு, மற்றப் பிள்ளைகளுக்குக் கை காட்டினாள். தாய் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பிள்ளைகள் வாசலுக்குள் போய்விட்டார்கள். நான் திரும்ப நினைத்தபோது கத்ரின் நகரவில்லை.

"எங்கே?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கியது. நடைபாதையின் ஓரத்துக்குப் போய் லேனா விழுந்த இடத்தைக் காட்டினேன். புதுப்பனி மூடியிருந்தது. அவர் அங்கே வந்து நின்றார்.

ஒரு வருடத்துக்கு மேலாகியும் அவர் அந்தக் காலையைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்டார். கார் எந்தப் பக்கமிருந்து வந்தது, லேனா எப்படிக் கிடந்தாள், யார் முதலில் ஓடிவந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பொலிஸுக்குச் சொன்னதைவிடக் கூடுதலாகச் சொன்னேன். என் ஜக்கெற்றைக் கழற்றி அவளுக்குப் போர்த்தியதையும், அது இரண்டு முறை வழுக்கியதையும் சொன்னேன்.

"அழுதாளா?"

"இல்லை."

"ஏதாவது சொன்னாளா?"

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. சுமதிக்குக்கூட.

"என்னைப் பார்த்து, 'எனக்குப் பிந்திவிட்டதா?' என்று கேட்டாள்" என்றேன். "இல்லை, பிந்தவில்லை என்று சொன்னேன்."

கத்ரின் கையுறையோடு வாயை மூடிக்கொண்டார். அழுதார். நான் தள்ளியும் போகாமல் கிட்டவும் போகாமல் நின்றேன். பள்ளிக்கூடத்து ஜன்னல்களில் ஒவ்வொன்றாக விளக்குகள் அணைந்தன. வெளிச்சம் வந்துவிட்டது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார்.

"நாளைக்கு எனக்கு வேலை" என்றார். "அவள் மூலையில் நிற்பாள்."

"நானும் நிற்பேன்" என்றேன்.